கேளுங்கோ, கதைப்பம்: லைப்ரரி மெம்பராக ஏன் காசு?

கேள்வி: வணக்கம் ஐயா. எங்கட லைப்ரரியில புத்தகத்தை வீட்ட கொண்டுபோறதெண்டா டிப்பாசிட்டும் வருசக் காசும் கட்டோணும், சோலைவரி, அதுதான் வீடு வளவுக்குச் சபைக்குக் கட்டுற வரி, அதைக் கட்டுற ஒராளின்ர பிணைக் கையெழுத்தும் வேணும். இதெல்லாம் எல்லாருக்கும் ஃப்ரீயா இருந்தா என்ன? காசு கட்டினாத்தான் சனத்துக்கு அருமை தெரியும், இல்லாட்டி புத்தகம் திரும்பி வராது எண்டு என்ர அவர் சொல்லுறார்.
- ஒரு வாசகி, கொக்குவில்

பதில்: பிள்ளை, ஃப்ரீயாத்தான் இருக்கோணும். யாழ்ப்பாணம் லைப்ரரி துவங்கினதே அந்த எண்ணத்திலதான். 1933இல க.மு.செல்லப்பா தன்ர வீட்டில வைச்சுப் புத்தகம் குடுக்கத் துவங்கி, பிறகு இஞ்ச ஒரு இலவசத் தமிழ் நூல்நிலையம் வேணும் எண்டு சனத்திட்ட வேண்டுகோள் விட்டவர், அடுத்த வருசமே ஆஸ்பத்திரி வீதியில ஒரு சின்ன இடத்தில 844 புத்தகத்தோட அது திறந்தது. 1981இல எரியேக்க கிட்டத்தட்ட 97,000 புத்தகம்.

அருமை தெரியாது எண்ட கதைக்கு வாறன். 1945இல, அப்ப கல்வி அமைச்சரா இருந்த கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார். ஃபீஸ் கட்டாமப் படிச்சதால எங்கட சனத்துக்குப் படிப்பின்ர அருமை தெரியாமப் போச்சுதோ? உங்கட அவரிட்டயே கேட்டுப் பாருங்கோ.

ஆனா எனக்குக் காசைவிடப் பெரிய கவலை அந்தப் பிணைதான். ஒருநாள் ஒரு லைப்ரரியில பேப்பர் பாத்துக்கொண்டு இருக்கேக்க, வெள்ளைச் சட்டையோட ஸ்கூல் பிள்ளை ஒண்டு கவுண்டரடியில ஃபாரத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கொண்டு நிண்டது, காசு கையுக்க சுருட்டி இருக்கு, பிணை வைக்க ஆளில்லை, இருக்கிறது வாடகை வீடு, வீட்டுக்காரர் கனடாவில. ஆரிட்டயும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாங்கோ எண்டு அனுப்பிப்போட்டினம். அந்தப் பிள்ளை எடுத்துவைச்ச புத்தகத்தைக் கொண்டுபோய் இருந்த தட்டிலயே நேரா அடுக்கி வைச்சிட்டுப் போனது. அதுக்குப் பிறகு நான் அதை அங்க காணேல்லை. இப்ப நினைச்சாலும் மனசு கேக்குதில்லை, நானே எழும்பிப் போய் கையெழுத்து வைச்சிருக்கலாம்.

லைப்ரரியை நடத்திறது மாநகரசபை, நகரசபை, பிரதேசசபையள், அதுக்குள்ள எங்கட சோலைவரியும் இருக்கு, வாடகைக்கு இருக்கிறவையும் அதை வாடகையோட சேத்துக் கட்டிக்கொண்டுதான் இருக்கினம், பிறகு வாசலில இன்னொருக்கா ஏன்? பொது நூலகம் கொள்கையளவில இலவசமா இருக்கோணும் எண்டு யுனெஸ்கோவின்ர 1994ஆம் ஆண்டுப் பிரகடனமும் சொல்லுது.

புத்தகம் திரும்பி வராத பயம் நியாயமானது, இல்லையெண்டேல்லை. அதுக்கு ஐடென்டிட்டி கார்ட்டைப் பாத்துப் பதியலாம், பிள்ளையளுக்கு அதிபரின்ர கடிதம் காணும், முதல்ல ஒரு புத்தகம், ஒழுங்காத் திரும்பினா பிறகு கூட்டிக் குடுக்கலாம். துலைச்ச ஆளிட்ட துலைச்ச புத்தகத்தின்ர விலையைக் கேக்கட்டும், அதுவரைக்கும் மற்றப் புத்தகம் இல்லை. ஒராள் துலைப்பார் எண்டு நூறு பேரிட்ட முன்கூட்டியே காசு வாங்கி வைக்கிறது எனக்குச் சரியாப் படேல்லை.

வருசக் கடைசியில சபையள் அடுத்த வருசத்து பட்ஜெட் போடுவினம். அதுக்கு முன்னம் உங்கட வட்டார உறுப்பினரிட்ட எழுத்தில குடுங்கோ, அயலுக்க நாலு பேரின்ர கையெழுத்தோட. கடிதத்தில காசை மட்டும் எழுதிப்போட்டு விட்டிடாதேங்கோ, பிணையையும் எடுக்கச் சொல்லி எழுதுங்கோ.