கேமரா கேள்வி பதில்: ரதத்து லைட்டுல விழுற வெள்ளக் கோடு

கேள்வி: அண்ணே, எங்கிட்ட பழைய மினிடிவி (MiniDV, சின்ன டேப் போடுறது) கேம்கார்டர் இருக்கு, படத்த பிடிக்கிற சென்சார் சிசிடி டைப்பு. தைப்பூசத்துக்கு ராத்திரி வெள்ளி ரதத்த எடுத்தா, ஒவ்வொரு லைட்டுலேந்தும் மேலருந்து கீழ வரைக்கும் நேரா ஒரு வெள்ளக் கோடு ஓடுது. கடைல காட்டுனா லென்சு போச்சு மாத்தணும்ங்கிறாங்க. மாத்திடவா?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, காசு குடுக்காதீங்க, முதல்ல வீட்லயே ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. ஒரு டார்ச்ச அடிச்சி வச்சி எடுங்க, லென்சு முன்னாடி போட்டிருக்கிற யூவி ஃபில்டர் கண்ணாடிய மெதுவா திருப்புங்க. கூடவே கோடும் சுத்துனா ஃபில்டர்ல கைரேகை எண்ணெய் இருக்கு, தொடச்சா போச்சு. என்ன திருப்புனாலும் கோடு படத்துல நட்டமாவே நின்னா அது சிசிடியோட குணம், ஸ்மியர்னு சொல்வாங்க, லென்சுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

சிசிடில ஒவ்வொரு புள்ளியிலயும் சேர்ற மின்னூட்டம் அதுக்குப் பக்கத்துல இருக்கிற ஒரு நட்டமான பாதை வழியா வரிசையா நகர்ந்துதான் வெளிய வரும். அந்தப் பாதைய மூடித்தான் வச்சிருப்பாங்க, ஆனா ரொம்ப பளிச்சுனு லைட் விழுந்தா ஓரமா உள்ள கசிஞ்சிடும், அந்த இடத்த தாண்டிப் போற மின்னூட்டம் எல்லாத்துலயும் கொஞ்சம் ஒட்டிக்கும், அதான் லைட்டுக்கு மேலயும் கீழயும் கோடு.

இதுலதான் நிறைய பேர் தப்பா போறாங்க. வெளிச்சம் ஜாஸ்தின்னு ஷட்டர் வேகத்த கூட்டுவாங்க, இல்ல ஸ்போர்ட்ஸ் மோட் போட்டுடுவாங்க. ஷட்டர் வேகமானா படம் சேர்ற நேரம் குறையும், கசியற நேரம் அப்படியேதான் இருக்கும், அப்போ கோடு இன்னும் தூக்கிக் காட்டும். ஷட்டர 1/50 செகண்ட்லயே நிறுத்திட்டு ஐரிஸ, அதான் லென்சுல வெளிச்சம் நுழையற ஓட்டைய, கையால குறைங்க, வெளிச்சம் அப்பவும் அதிகம்னா வெளிச்சத்த குறைக்கிற கறுப்புக் கண்ணாடி, என்டி ஃபில்டர் போடுங்க. பளிச்சுனு லைட் விழுற முகம் வெளுக்காம பாத்துக்கிற ஸ்பாட்லைட் மோட் இருந்தா அதையும் போட்டுப் பாருங்க. கொஞ்சம் இருட்டாத்தான் வரும், பரவால்ல, ரதத்துல முருகன் முகம் வெளுத்துப் போறதவிட அது எவ்வளவோ மேல்.

அப்புறம் நிக்கிற இடம். நகரத்தார் கோயில் பக்கம் ரதம் வர்றப்ப நேர் எதிர்ல நிக்காம சைடுல நின்னு, பெரிய பல்பெல்லாம் ஃபிரேமுக்கு வெளிய போற மாதிரி டைட்டா வையுங்க. எடிட்டிங்ல கோட்ட அழிக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க, பின்னாடி கூட்டம் அசையறப்ப ஒட்டுப்போட்டது அசிங்கமா தெரியும். அந்த கேமராவயும் தூக்கிப் போட்டுடாதீங்க, பழைய சிசிடில வர்ற நிறம் எனக்கு இப்பவும் ரொம்ப பிடிக்கும்.

கேள்வி: புது கேமரா, சீமாஸ் (CMOS) சென்சார். பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு கல்யாணம் எடுத்தேன், மேடைல கறுப்புப் பட்டை பட்டையா மேல ஏறிட்டே இருக்கு. எதனால?
- வாசகி, கோலாலம்பூர்

பதில்: தங்கச்சி, மெனுல என்டிஎஸ்சி (NTSC), 60 ஹெர்ட்ஸ்னு கெடக்கும், பாருங்க, அது 60 ஹெர்ட்ஸ் கரண்ட் ஓடுற ஊருக்கான வீடியோ முறை. நம்ம ஊரு கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்ஈடி லைட்டெல்லாம் செகண்டுக்கு 100 தடவ மின்னும், சீமாஸ் படத்த வரி வரியா படிக்கிறதால அந்த மினுக்கல் பட்டையா விழுது. 50 ஹெர்ட்ஸ் ஊருக்கான பால் (PAL) மோடுக்கு மாத்தி செகண்டுக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 இல்ல 1/100 வச்சா பெரும்பாலும் போயிடும். பின்னாடி இருக்கிற எல்ஈடி ஸ்கிரீன் மட்டும் அதோட சொந்த வேகத்துல ஓடும், அதுக்கு ஷட்டர் வேகத்த நுணுக்கமா மாத்துற கிளியர் ஸ்கேன் வசதி இருந்தா பொண்ணு மாப்பிள்ளை வர்றதுக்கு முன்னாடியே போயி கொஞ்சம் கொஞ்சமா திருப்பி சரி பண்ணிக்கங்க. போட்டோகிராஃபர் ஃபிளாஷ் அடிச்சு பாதி ஃபிரேம் வெள்ளையானா ஒண்ணும் பண்ண முடியாது, எடிட்ல அந்த ஒரு ஃபிரேம எடுத்துட்டு முன்னாடி ஃபிரேமயே போட்டுடுங்க.

கேள்வி: டின்னர் மேடைல லேசர் லைட் சுத்துது, எடுக்கலாமா?
- வாசகர், கிள்ளான்

பதில்: நேரா லென்சுக்குள்ள அடிக்கிற மாதிரி இருந்தா வேணாம். கோடு விழுறது, பட்டை விழுறது எல்லாம் லைட்ட விட்டு விலகுனா போயிடும், லேசர் பட்டா சென்சார்ல புள்ளி எரிஞ்சே போயிடும், அது திரும்ப வராது. லேசர் ஓடுற நேரம் கேமராவ கூட்டத்துப் பக்கம் திருப்பிடுங்க.