வாசகர் கேள்விகள்: இரத்தம் எடுத்துப் போனவர்கள் திரும்பி வருவார்களா?

இந்த மாதக் கடிதங்களில் பாதி பல்கலைக்கழகக்காரர்களைப் பற்றியவை. நானும் பேராதனையில் தாவரவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன்தான். ஆகவே சில பதில்களில் சொந்தக்காரர்களைத் திட்டுகிற தொனி தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டத்து டிவிஷனுக்கு ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து பிள்ளைகள் வந்து பெண்களிடம் இரத்தம் எடுத்தார்கள். சோகை இருக்கிறதா என்று பார்க்கவாம். நிறை பார்த்தார்கள், என்ன சாப்பிடுகிறோம் என்று எழுதினார்கள், கையெழுத்தும் வாங்கினார்கள். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. கேட்டால் கோபிப்பார்களா, ஐயா?
(கொழுந்து பறிக்கும் தாய் ஒருவர், பொகவந்தலாவை)

தாராளமாகக் கேளுங்கள் அம்மா. நீங்கள் கையெழுத்து வைத்தது ஒப்புதல் படிவம். அதோடு ஒரு தகவல் தாளும் தந்திருக்க வேண்டும். மனிதரிடம் இரத்தம் எடுக்கிற ஆய்வு என்றால் முதலில் ஒழுக்கநெறிக் குழு ஒன்றின் அனுமதி வேண்டும். ஆய்வாளரின் பெயர், அவருக்கு மேலே உள்ள பேராசிரியர், அந்தக் குழுவின் தொலைபேசி இலக்கம் எல்லாம் அந்தத் தாளில் இருக்கும். பிள்ளைகளின் கிளினிக் கொப்பிக்குள் செருகி வைத்திருக்கிறீர்களா, பாருங்கள். இல்லாவிட்டால் தோட்டத்து மருத்துவ உத்தியோகத்தரிடம் கேளுங்கள், யார் வந்தார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

இதில் இரண்டு கடன் இருக்கிறது. ஆய்வின் மொத்த முடிவு வெளிவர வருடங்கள் ஆகலாம், அதற்கு நான் சாக்குச் சொல்வேன். பல மாணவர்கள் சொந்தக் காசில் பஸ் ஏறித்தான் தோட்டத்துக்கு வருகிறார்கள். ஆனால் உங்கள் இரத்தத்தின் அளவு அன்றைக்கோ அந்த வாரமோ அவர்கள் கைக்கு வந்துவிட்டது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைவாக ஹீமோகுளோபின் இருந்தால் அது சோகை, கர்ப்பிணிக்கு 11. குறைந்திருந்த பெண்களிடம் அப்போதே சொல்லி கிளினிக்குக்கு அனுப்பியிருக்க வேண்டும். இதற்குச் சாக்கே கிடையாது.

அவர்கள் சொல்லியிருக்கக்கூடிய ஒன்றை நான் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்ட கையோடு பிளேன் டீ குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். தேயிலை பறிக்கிறவர்களிடம் போய் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள்.

கேள்வி: மலையகத்தைப் பற்றி இத்தனை ஆய்வுகள் வருகின்றன. எல்லாம் ஆங்கிலத்தில். தமிழில் எழுதினால் என்ன குறைந்துவிடும்?
(ஆசிரியர், ஹட்டன்)

புள்ளி குறைந்துவிடும். பதவி உயர்வுக்கு வெளிநாட்டு ஆய்விதழில் வரும் கட்டுரைக்குத்தான் கனம். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் எழுதினால் மனைவி வெட்டி வைப்பார், அவ்வளவுதான். ஆனால் இது புதிதாக வந்த கஷ்டம் இல்லை. 1950களிலும் 60களிலும் பேராதனையில் இருந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன் கிராமத்துக் கூத்தை ஆராய்ந்து கட்டுரையோடு நிற்கவில்லை. கூத்துப் பழக்கும் அண்ணாவிமாரை அழைத்து மாணவர்களை ஆடவைத்து மேடையேற்றினார். க. கைலாசபதி பல்கலைக்கழகத்துக்குள் போகுமுன் தினகரன் ஆசிரியராக இருந்தவர், பாமர வாசகனுக்கு எழுதத் தெரிந்தவர். அவர்களுக்கும் வேலைப்பளு இருந்தது.

கேள்வி: பேராசிரியர்கள் ரீவியில் வந்து ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். யாரை நம்புவது? படித்தவர்கள் அரசியல் பேசாமல் இருந்தால் என்ன?
(கடை உரிமையாளர், பண்டாரவளை)

அண்ணே, உங்கள் கடைக்கு வருகிறவர்கள் கிளைபோசேட் களைக்கொல்லியின் கதையை மறந்திருக்க மாட்டார்கள். வடமத்தியப் பக்கத்து ரஜரட்டையில் காரணம் தெரியாத சிறுநீரக நோய். 2014இல் நம் நாட்டு ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். கிளைபோசேட்டும் கடினத்தன்மையுள்ள தண்ணீரும் உலோகங்களும் சேர்ந்து இதைச் செய்யலாம் என்றது அது. 'செய்யலாம்' என்ற அளவுக்குத்தான் சொன்னது, பரிசோதித்து நிறுவவில்லை. ஒரு கருதுகோளை எழுதுவது குற்றமும் இல்லை. ஆனால் மேடைக்கும் ரீவிக்கும் வந்தபோது அந்த 'லாம்' காணாமல் போய்விட்டது. 2015இல் அந்தக் களைக்கொல்லிக்குத் தடை. தேயிலை மலைகளில் களைக்காடு ஏறியது, மண்வெட்டி பிடிக்க ஆள் இல்லை. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடையைத் தளர்த்தினார்கள். நோயின் காரணம் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை.

மறுபக்கம் 2021. மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்ததும் பேராதனை விவசாய பீடத்து ஆசிரியர்கள் பலர் விளைச்சல் விழும் என்று பகிரங்கமாகவே சொன்னார்கள். அரசியல் பேசாதே என்றுதான் அவர்களுக்கும் பதில் வந்தது. நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். ஆனாலும் 2021இல் கிட்டத்தட்ட 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடியளவுக்கு இறங்கியது. டீசல் தட்டுப்பாட்டுக்கும் அதில் பங்கு உண்டு. அவர்கள் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டுமா?

நான் ரீவி பார்க்கும்போது ஒன்றைத்தான் கவனிப்பேன்: இந்த ஆள் தன் துறையில் பேசுகிறாரா, பக்கத்து வீட்டுத் துறையில் பேசுகிறாரா? மண் விஞ்ஞானி உரத்தைப் பற்றிச் சொன்னால் காது கொடுப்பேன். அவரே சிறுநீரகத்தைப் பற்றிச் சொன்னால் எழுந்து தேத்தண்ணீர் போடப் போவேன். ஆய்வுக்கு யார் காசு கொடுத்தது என்று சொல்கிறாரா என்றும் பார்ப்பேன். அதை ஒளிக்காமல் சொன்னால் பாதி நம்பிக்கை வந்துவிடும்.

கேள்வி: எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே நிலம் வெடித்திருக்கிறது. கொழும்பிலிருந்து வந்து அளந்து போனார்கள். அறிக்கையைப் பார்க்க எங்களுக்கு உரிமை உண்டா?
(இளைஞர் ஒருவர், அப்புத்தளை)

உண்டு தம்பி. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்களுக்காகத்தான் இருக்கிறது. அளந்தது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் என்றால் அங்குள்ள தகவல் உத்தியோகத்தருக்குத் தமிழிலேயே எழுதுங்கள், பிரதேச செயலகத்துக்கும் ஒரு பிரதி. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். காரணம் கேட்டால் சொல்ல வேண்டியதில்லை.

அறிக்கை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் மண்சரிவுக்கு விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும். இது அந்த நிறுவனமே வைத்திருக்கும் கணக்கு. மழைமானி தோட்டத்து ஒபிசில் இருக்கும். அந்த எண்ணை மழைக்காலத்தில் தினமும் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வெடிப்பு அகன்றால், ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினால், மரம் சாய்ந்தால், எந்த எண்ணையும் பார்க்காமல் இறங்கிவிடுங்கள்.

மீரியாபெத்தை மண்சரிவை உங்கள் பக்கத்தில் மறந்திருக்க மாட்டீர்கள், 2014 ஒக்டோபர் 29. அந்த இடம் ஆபத்து என்று 2005இலும் 2011இலும் விஞ்ஞானிகள் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கடிதம் கந்தோரிலிருந்து கந்தோருக்குப் போனது. மாற்றுக் காணி கையில் கிடைக்காமல் லயத்தை விட்டு யார் போவார்கள்? 2025 நவம்பரில் டித்வா புயல் வந்து போன பிறகும் அந்தக் கேள்வி அப்படியே கிடக்கிறது. ஆய்வாளர் தன் பங்கைச் செய்துவிட்டேன் என்று சொல்லலாம். ஆனால் லயத்து வாசலில் நின்று சொல்லாத எச்சரிக்கையை நான் எச்சரிக்கை என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கேள்வி: மகள் பேராதனையில் விவசாயம் படிக்கிறாள். கடைசி வருட ஆய்வு தேயிலையின் கொப்புள நோய் பற்றி. அதைப் பற்றி நம் தோட்டத்தில் பேசு என்றால், அவர்களுக்கு என்ன விளங்கும் என்கிறாள்.
(தகப்பன், தலவாக்கலை)

அந்த நோய் நம் நாட்டுக்கு வந்தது 1946இல். பங்கசு. பனியும் தூறலும் இருந்தால் பிஞ்சு இலையில் பிடிக்கும். எந்த மலையில் பனி பத்து மணிக்கும் கலையாது, எந்த வரிசையில் கொப்புளம் முதலில் தெரியும் என்று உங்கள் தோட்டத்துப் பெண்களுக்குத் தெரியும். மகளுக்கு அது ஆய்வுக்கூடத்தில் கிடைக்காது. கோயில் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசட்டும். புரொஜெக்டர் வேண்டாம், நோய் பிடித்த கொழுந்து ஒரு பிடி போதும். முதல் பத்து நிமிடம் அவள் கேட்கட்டும், பிறகு பேசட்டும். ஏழு மணி நாடகத்துக்கு முன் முடித்துவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பேச்சு மண்டபத்துச் சுவருக்குத்தான்.