நன்றாக இருந்தவருக்கு இதய வால்வில் கிருமி வருமா?

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. மூன்று வாரமாகக் காய்ச்சல். டைபாய்டு என்று ஊசி போட்டார்கள். நின்று மறுபடி வந்துவிட்டது. இப்போது எக்கோ பார்த்து வால்வில் தொற்று, ஆறு வாரம் ஊசி போடணும் என்கிறார்கள். இதய நோயே இல்லாதவருக்கு இது வருமா? பணம் பிடுங்கப் பார்க்கிறார்களா?

பதில்: வரும் அம்மா. ஈறு, தோல் புண் வழியாக ரத்தத்தில் கலக்கும் பாக்டீரியா வால்வில் ஒட்டிக்கொள்ளும். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா பழுதில்லாத வால்வையும் பிடிக்கும்.

ஆறு வாரம் அநியாயமில்லை. கிருமி வால்வில் ஒட்டிய ஒரு சின்னக் கட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. மருந்து அதற்குள் மெதுவாகத்தான் போகும். நான்கு முதல் ஆறு வாரம் என்பது வழக்கமான கணக்கு. சில நாளில் காய்ச்சல் விட்டதும் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். கட்டி துண்டாகி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

என் கோபம் அந்த 'டைபாய்டு' மீதுதான். டைபாய்டுக்குச் செய்யும் வைடல் என்ற ரத்தப் பரிசோதனை நம் ஊரில் காய்ச்சலே இல்லாதவருக்கும் பாசிட்டிவ் காட்டலாம். மலிவு, உடனே ரிசல்ட், அதனால் எல்லா லேபும் விடாமல் செய்கிறது. ஆன்டிபயாடிக் போடும் முன் ரத்தத்தைக் கல்ச்சருக்கு (கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு) அனுப்ப வேண்டும், அதுவும் மூன்று முறை, தனித்தனி இடத்தில் குத்தி. ஊசி போட்டபின் எடுத்தால் கிருமி வளராமலே போகலாம். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய மாத்திரை உட்பட இதுவரை கொடுத்த மருந்துச் சீட்டையெல்லாம் டாக்டரிடம் காட்டுங்கள். "கல்ச்சரில் என்ன கிருமி வந்தது?" என்றும் கேளுங்கள். ஏமாற்றுகிறார்களா என்று பார்க்க அந்தக் கேள்வி உதவும்; ஆனால் முன்பே ஊசி போட்டதால் கிருமி வளராவிட்டால், அதை மட்டும் வைத்து ஏமாற்று என்று நினைக்காதீர்கள்.

வார்டு வாசலில் 'பேக்கேஜ் ஆபரேஷன்' பேசும் புரோக்கரிடம் வாய் கொடுக்காதீர்கள். வால்வு கிழிந்து மூச்சு வாங்கினால், மருந்துக்குக் கிருமி அடங்காவிட்டால், கட்டி பெரிதாகி உடைந்து ஓடினால் ஆபரேஷன். அதை முடிவு செய்வது இதய டாக்டர், கமிஷன் ஆள் இல்லை.

அப்புறம், பல் விஷயம். குணமான பிறகும் உங்கள் கணவர் ஆயுள் முழுக்க, பல் பிடுங்கும் முன்போ ஈறு சுத்தம் செய்யும் முன்போ, ஒரு வேளை ஆன்டிபயாடிக் எடுக்க வேண்டும். பெரும்பாலும் 2 கிராம் அமாக்சிசிலின், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு. பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்றால் வேறு மருந்து. ஒரு தடவை வந்தவர், செயற்கை வால்வு வைத்தவர், சில பிறவி இதயக் கோளாறு உள்ளவர் போன்ற அதிக ஆபத்து உள்ளவர்களுக்கு மட்டும் இந்த விதி. உங்களுக்கோ பிள்ளைகளுக்கோ வேண்டாம். பல் டாக்டர் கேட்க மறப்பார். நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.