தோல் பூட்ஸ், சுவேட் பூட்ஸ்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கனடாவிலிருந்து மாமா கொண்டுவந்து தந்த பழுப்புத் தோல் கௌபாய் பூட்ஸ், கார்த்திகை மழைக்குள் கிரவல் வீதியில் நடந்ததில் ஊறிப்போய்விட்டது. அடுப்படியில் காயவைத்துத் தேங்காய் எண்ணெய் பூசலாமா? (மாங்குளம் வாசகர்)

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். ஈரத்தோலில் சூடு பட்டால் அது சுருங்கி விறைத்து, விரல் மடியும் இடத்தில் வெடிக்கும். அடியை ஒட்டிய பசையும் இளகும்.

சேற்றை ஈரத்துணியால் உடனே துடையுங்கள். மேற்தோலும் அடியும் சேரும் தையல் வரியைப் பழைய பல்லுப் பிரஷால் நோண்டிச் சுத்தம் செய்வது முக்கியம். அங்கே தங்கும் மணல், நடக்க நடக்க நூலை அறுக்கும். போகாத அழுக்குக்குக் குழந்தைச் சவர்க்கார நுரை கொஞ்சம் போதும். உடுப்புச் சவர்க்காரம் காரம் கூடியது, தோலிலுள்ள எண்ணெய்ப் பசையை இழுத்துவிடும்.

பிறகு பேப்பரைக் கசக்கி விரல் நுனிவரை அடையுங்கள். கணுக்காலுக்கு மேலே நிற்கும் குழாய்ப் பகுதி சரியாமல் நிற்க இன்னொரு பேப்பரைச் சுருட்டி வையுங்கள். முதல் நாள் மூன்று நான்கு தடவை மாற்ற வேண்டும். உட்தோல் வெளிர் நிறமென்றால் அச்சு மை ஒட்டும், வெற்றுத்தாள் நல்லது. அடிப்பாகமும் தோலென்றால் பூட்ஸைப் பக்கவாட்டில் சரித்து, காற்றோட்டமான நிழலில் விடுங்கள். இரண்டு நாள் பிடிக்கும், அடைமழையென்றால் இன்னும் கூடும். காலை நுழைத்துப் பார்த்து அவசரப்பட வேண்டாம்.

நன்றாகக் காய்ந்த பின்தான் தோல் கொண்டிஷனர், அதாவது தோலை மென்மையாக வைத்திருக்கும் பூச்சு. ஒரு பூட்ஸுக்கு ஐந்து ரூபாய்க் குற்றியளவு எடுத்து, துணியில் தொட்டு மெல்லிசாகத் தேயுங்கள். ஓரிரவு விட்டு, பிரஷ் போட்டு, அதே நிறப் பொலிஷ் பூசலாம். தேங்காய் எண்ணெய் தோலைத் திட்டுத் திட்டாகக் கறுக்கச் செய்யும். கூடினால் குழாய் தளர்ந்து தொங்கும், பொலிஷும் பிடிக்காது. பூசியதைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை.

கேள்வி: கலியாண வீட்டில் என் சுவேட் பூட்ஸில் இறைச்சிக் கறி சிந்திவிட்டது. கழுவலாமா? (புதுக்குடியிருப்பு வாசகி)

பதில்: சுவேட் என்பது மென்மயிர் எழுப்பிய தோல். கழுவினால் எண்ணெய் பரவும். தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுத்து, கறையை மூடும்படி சோளமாவைத் தடிப்பாகக் கொட்டி இரவு முழுக்க விடுங்கள். முகப் பவுடரும் உதவும். காலையில் தட்டிவிட்டு, காய்ந்த பிரஷால் ஒரே திசையில் வாருங்கள். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டிவரும். எண்ணெய் போனாலும் மஞ்சள் நிறம் நிற்கும். அது வெளிச்சத்தில் வெளிறக்கூடியது. சில நாட்களுக்குக் காலை வெயிலில் அரை மணி நேரம் வையுங்கள். அதற்கு மேல் வைத்தால் சுவேட்டும் வெளிறும்.

சுவேட்டில் சேறு பட்டால் தோலுக்குச் சொன்னதற்கு எதிர்மாறு: காயும்வரை தொடவே கூடாது. காய்ந்தபின் பிரஷ், மினுங்கித் தட்டையான இடத்துக்குப் பென்சில் அழிறப்பர். சாதாரண பொலிஷ் பட்டால் மயிர் ஒட்டி, பூட்ஸ் அதோடு சரி.

கேள்வி: பொலித்தீன் பையில் கட்டி, பூச்சி உருண்டையும் போட்டு வைத்த தோல் பூட்ஸில் பூஞ்சணம். ஏன்? (மல்லாவி வாசகர்)

பதில்: பூச்சி உருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சணத்துக்கு அல்ல. பை ஈரத்தை உள்ளேயே அடைத்துவிட்டது. முற்றத்தில் வைத்துப் பிரஷ் போடுங்கள், வீட்டுக்குள் தட்டினால் வித்துக்கள் மற்றச் சப்பாத்துகளுக்கும் போகும். பாமசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் தொட்டுத் துடையுங்கள். நிறம் கரையலாம், முதலில் இழுப்புப் பட்டியின் உட்புறத்தில் பாருங்கள். உலர்ந்தபின் கொண்டிஷனர். இனி பழைய தலையணை உறையில் போட்டு, நிலத்தில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள்.

கேள்வி: வறண்ட கச்சான் காற்றுக் காலத்தில் மடிப்பில் கோடு கோடாக வெடித்த தோலைச் சேர்க்க முடியுமா? (வவுனியா வாசகர்)

பதில்: அறுந்த நார் சேராது. கொண்டிஷனர் வெடிப்பு நீளாமல் தடுக்கும், மெழுகுப் பொலிஷ் கோட்டை மறைக்கும், அவ்வளவுதான். அடுத்த முறை கச்சான் எழும்ப முன்னரே ஒரு பூச்சுப் பூசிவிடுங்கள்.