இரத்த மாதிரிக் குழாயில் லேபிளும் பார்கோடும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வார்டில் வேலை நெருக்கடி அதிகம். லேபிள்களை முன்கூட்டியே குழாய்களில் ஒட்டி வைத்துக்கொண்டால் நேரம் மிச்சமாகாதா?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். லேபிள் ஒட்டிய காலிக் குழாய் ஒன்று வேறு படுக்கைக்குச் சென்றுவிட்டால், ஒருவரின் பெயரில் இன்னொருவரின் இரத்தம் இரத்த வங்கிக்கு வந்து சேரும். அந்தக் குழாயைப் பார்த்து எங்களால் எதையும் சந்தேகிக்க முடியாது. பெயர் முழுமையாக இருக்கும், பார்கோடும் தடையின்றி ஸ்கேன் ஆகும், சோதனை முடிவும் அந்த இரத்தத்துக்குச் சரியானதாகவே இருக்கும். ஆனால் அந்த முடிவை நம்பி, ஓ வகையைச் சேர்ந்த ஒருவருக்கு ஏ வகைச் சிவப்பணுக்களைச் செலுத்தினால், அவர் உடலில் இயல்பாகவே இருக்கும் எதிர்ப்பொருள்கள் அவற்றை இரத்தக் குழாய்களுக்குள்ளேயே சிதைக்கத் தொடங்கும். சிறுநீரகம் செயலிழக்கலாம், உயிரே போகலாம். ஆகவே இரத்தம் எடுத்த உடனேயே, நோயாளியின் பக்கத்தில் நின்றபடி, அவர் மணிக்கட்டில் கட்டியுள்ள அடையாளக் கைப்பட்டையோடு ஒப்பிட்டு லேபிளை ஒட்ட வேண்டும். அதை முடிக்கும்வரை அந்தப் படுக்கையை விட்டு நகரக் கூடாது.

கேள்வி: கைப்பட்டையை ஸ்கேன் செய்த பிறகும் நோயாளியிடம் பெயர் கேட்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் கேட்க வேண்டும். கைப்பட்டையில் இருக்கும் எண்ணைப் பிழையில்லாமல் கணினிக்குக் கொண்டுசேர்ப்பது மட்டுமே பார்கோடின் வேலை; சேர்க்கையின்போதே தவறான பட்டை கட்டப்பட்டிருந்தால், அந்தத் தவற்றையும் அது பிழையில்லாமல் கொண்டுசேர்க்கும். கேட்கும்போதும், பெயரை நாமே சொல்லி ‘நீங்கள்தானே?’ என்று கேட்கக் கூடாது, ஏனெனில் மயக்கத்திலோ வலியிலோ இருப்பவர் எதற்கும் தலையசைத்துவிடுவார். முழுப் பெயரையும் பிறந்த தேதியையும் அவரே சொல்லட்டும். பட்டையைக் கையிலிருந்து கழற்றி மேசையில் வைத்தோ, கோப்பில் ஒட்டிய நகலிலிருந்தோ ஸ்கேன் செய்யும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது இந்த முறையின் பாதுகாப்பையே இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

கேள்வி: பெயரில் ஓர் எழுத்துப் பிழைக்காக மாதிரியைத் திருப்பி அனுப்புவது கடுமையாகத் தோன்றுகிறதே?

பதில்: மீண்டும் ஊசி குத்த வேண்டியிருப்பது வருத்தத்துக்குரியதுதான். ஆயினும் லேபிளில் குறையுள்ள மாதிரிகளில் இரத்தமே மாறியிருக்கும் வாய்ப்பு மற்றவற்றைவிட அதிகம் என்பதால், வங்கிக்கு வந்து திருத்திக் கையெழுத்திடுவதை அனுமதிப்பதில்லை. இதே காரணத்தால்தான், இரத்த வகை குறித்த முந்தைய பதிவு எங்களிடம் இல்லாத நோயாளிக்கு அவருடைய வகை இரத்தத்தை வழங்குவதற்கு முன், தனியாக எடுத்த இரண்டாவது மாதிரியைக் கேட்கிறோம். ஒரே தடவையில் எடுத்ததை இரு குழாய்களில் ஊற்றி, நேரத்தை மட்டும் மாற்றி எழுதி அனுப்பினால் அந்தச் சோதனைக்குப் பொருளே இல்லை.

கேள்வி: எங்கள் லேபிள்களை ஸ்கேனர் அடிக்கடி படிக்க மறுக்கிறது. காரணம் என்ன?

பதில்: பெரும்பாலும் ஒட்டும் விதம்தான். நீளமான பார்கோடைக் குழாயின் நீளவாக்கில், நேராக, சுருக்கமின்றி ஒட்ட வேண்டும். குறுக்கே சுற்றி ஒட்டினால் கோடுகள் வளைவில் மறைந்துவிடும். அச்சு மங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். இரத்தத்தின் அளவு தெரியும்படி ஓர் இடைவெளியும் இருக்கட்டும்.

கேள்வி: அடையாளம் தெரியாத விபத்து நோயாளிக்கு என்ன எழுதுவது?

பதில்: வெறுமனே ‘பெயர் தெரியாதவர்’ என்று எழுதக் கூடாது, அப்படி இருவர் ஒரே இரவில் வரக்கூடும். தற்காலிகமான, வேறெவருக்கும் தரப்படாத எண் ஒன்றைக் கைப்பட்டையிலும் குழாயிலும் கோரிக்கைப் படிவத்திலும் ஒரேபோல் பயன்படுத்துங்கள். இடையில் உண்மைப் பெயர் தெரியவந்தாலும், அவசர இரத்தமேற்றல் முடியும்வரை அந்த எண்ணையே தொடருங்கள். பிறகு பெயரை மாற்றும்போது இரத்த வங்கிக்குத் தெரிவித்து, புதிய மாதிரி ஒன்றையும் அனுப்புங்கள்.