சிற்றிதழுக்குக் கட்டுரை அனுப்புகிறவர்கள் கேட்டவை

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்து நண்பர்களின் கேள்விகள் இவை. நினைவுக் குறிப்பு, பயணம், ஊர்ச் சித்திரம் என நடந்ததை எழுதும் கட்டுரைகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

குடியாத்தம்: 4,000 சொல்லில் ஒரு கட்டுரை வைத்திருக்கிறேன் சார். நீளமா?

நீளம்தான். சிற்றிதழ்கள் பெரும்பாலும் டெமி என்கிற புத்தக அளவில், 16 பக்க ஃபாரங்களாக, அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகிற பக்கத் தொகுதிகளாக, அச்சாகின்றன. பக்கத்துக்குச் சுமார் 250 முதல் 300 சொல் பிடிக்கும். உங்கள் கட்டுரை ஒன்றே கிட்டத்தட்ட ஒரு ஃபாரத்தை விழுங்கிவிடும். இரண்டு பக்கம் மிஞ்சினாலும் அடுத்த ஃபாரம் போட வேண்டும், தாள் செலவு ஏறும். நல்ல கட்டுரைகூட அடுத்த இதழுக்குத் தள்ளிப்போவது இதனால்தான். 2,000 சொல்லுக்குள் கொண்டுவாருங்கள். முதலில் வெட்ட வேண்டியது முன்னுரையை. பாலாற்றைப் பற்றிய கட்டுரைக்கு உலக நதிகளின் பெருமை எதற்கு? மணல் அள்ளிய பள்ளத்திலேயே தொடங்கலாம்.

ஆரணி: பாமினியில் அடித்த கோப்பை அப்படியே அனுப்பலாமா?

கூடாது. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைக்கிற எழுத்துரு. அது இல்லாத கணினியில் உங்கள் கட்டுரை வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு மாற்றி அனுப்புங்கள். மாற்றியபின் ஒருமுறை முழுதாகப் படியுங்கள்: நடுவில் ஆங்கிலச் சொல் இருந்தால் அது தமிழ் எழுத்துக் குவியலாக மாறியிருக்கும், மேற்கோள் குறிகளும் சிதைந்திருக்கும். பிடிஎஃப் மட்டும் அனுப்பினாலும் தொல்லை. அதிலிருந்து நகலெடுக்கும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடும். வேர்டு கோப்பே நல்லது.

காட்பாடி: கையெழுத்துப் பிரதியைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பட்டுமா?

வேண்டாம். அதைத் தட்டச்சு செய்ய அங்கே ஆள் இருக்காது.

வாணியம்பாடி: அப்பா வேலை பார்த்த தோல் ஷாப்பை, அதாவது தோல் பதனிடும் இடத்தை, பற்றி எழுதினேன் அண்ணா. அங்கே இரண்டு மேஸ்திரிகள். படிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று ஒருவராக்கிவிட்டேன். தப்பா?

தப்புதான் தம்பி. சுண்ணாம்புக் குழியில் ஆட்களை இறக்கியவர் ஒருவர், சனிக்கிழமை கூலி கொடுத்தவர் இன்னொருவர் என்றால், இருவரையும் சேர்த்ததும் அந்த இடத்தின் அதிகாரம் எப்படிப் பிரிந்திருந்தது என்பதே மறைந்துபோகிறது. பெயரை மாற்றலாம், ஆளை மாற்றக் கூடாது. பெயர் மாற்றியதை அடியில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். படிக்கச் சுலபமாக வேண்டுமென்றால் ஒருவரை விட்டுவிடலாம். விடுவது எழுதுகிறவரின் உரிமை.

ஆம்பூர்: இதை ஏற்க முடியவில்லை சார். நினைவே பாதி கற்பனைதான். நாற்பது வருஷத்துக்கு முந்திய பேச்சை யார் அப்படியே எழுத முடியும்?

நினைவு தவறுவது வேறு, தெரிந்தே மாற்றுவது வேறு. முதலாவதை வாசகர் மன்னிப்பார். பழைய பேச்சுக்கு வழி இருக்கிறது. மனதில் அப்படியே நிற்கிற ஒன்றிரண்டு வாக்கியங்களுக்கு மட்டும் மேற்கோள் குறி போடுங்கள், மற்றதைச் செய்தியாகச் சொல்லுங்கள். ‘அப்பா இப்படிச் சொல்லியிருக்கலாம்’ என்று எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பக்கம் பக்கமாக உரையாடல் வந்தால் ஆசிரியருக்கு உடனே சந்தேகம் வரும்.

ஆம்பூர் (மறுபடியும்): அப்படியென்றால் கலை எங்கே இருக்கிறது?

எதை முதலில் வைப்பது, எங்கே நிறுத்துவது, தோல் பதனிடுகிற ஆவாரம்பட்டையின் வாசத்துக்கு எத்தனை வரி கொடுப்பது, எல்லாம் கலைதான். சம்பவத்தைக் கற்பனையாகப் புனைந்துதான் ஆக வேண்டும் என்றால் சிறுகதை என்று அனுப்புங்கள். சிறுகதைக்கும் அதே இதழில் இடம் உண்டு. கட்டுரை என்று பெயர் போட்டுவிட்டுக் கதை கொடுத்தால், அடுத்து உண்மையை எழுதி வருகிறவரையும் வாசகர் நம்ப மாட்டார். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வாலாஜாபேட்டை: உண்மையைத்தானே எழுதுகிறோம், முதலாளி பெயரைப் போட்டால் என்ன?

உண்மை என்பது மட்டும் போதாது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் அவதூறு குற்றம். உண்மையாக இருந்து, அதை வெளியிடுவது பொதுநலனுக்காகவும் இருந்தால்தான் விலக்கு. வழக்கு வந்தால் உங்களோடு ஆசிரியரும் அலைய வேண்டும். பெயரில்லாமலே கட்டுரை நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஆண்டுகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், எல்லோரும் தவறுகிற இடம் அது. 1985இல் நடந்ததற்கு ‘வேலூர் மாவட்டம்’ என்று எழுதாதீர்கள், அன்று வட ஆற்காடு. 1989இல்தான் திருவண்ணாமலைப் பகுதி தனியாகப் பிரிந்தது. ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் மாவட்டங்களானது 2019இல். தோல் கழிவுநீர் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 1996 ஆகஸ்ட் 28. அதற்கு முந்தைய காட்சியில் அந்தத் தீர்ப்பைப் பற்றி யாரும் பேசக் கூடாது.

ஆற்காடு: வானவில் எழுத்துருவில் அனுப்பலாமா?

ஆரணிக்காரருக்குச் சொன்னதேதான். யூனிகோட்.

போளூர்: பாமினி கோப்போடு பிடிஎஃப்பையும் சேர்த்து அனுப்பினால்?

யூனிகோட், வேர்டு கோப்பு. எழுத்துரு பற்றி இனிமேல் கேட்க வேண்டாம்.

பேரணாம்பட்டு: ஃபேஸ்புக்கில் போட்டதை அனுப்பலாமா? ஒரே சமயத்தில் இரண்டு இதழுக்கு?

ஃபேஸ்புக்கில் வந்தது வெளியானதுதான். மடலிலேயே சொல்லிவிடுங்கள், சிலர் ஏற்பார்கள். இரண்டு இதழுக்கு அனுப்பாதீர்கள். ஃபாரம் அச்சுக்குப் போனபின் ‘வேறு இடத்தில் வந்துவிட்டது’ என்று சொன்னால் அந்தப் பக்கங்களை எடுக்க வழியில்லை. காலாண்டிதழ் என்றால் மூன்று மாதம் பொறுத்து, ஒரு மடல் போட்டுக் கேட்டு, பதில் இல்லையென்றால் திரும்பப் பெறுவதாக எழுதிவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்புங்கள்.

திருப்பத்தூர்: சன்மானம் உண்டா?

பெரும்பாலும் எழுதியவருக்கு இதழின் பிரதி மட்டும். அனுப்பும் முன்பே கேட்கலாம், கேட்பதில் தவறில்லை.

சோளிங்கர்: ஹைக்கூ அனுப்ப என்ன விதி?

அது என் துறை இல்லைங்க. கவிதைப் பக்கம் பார்க்கிற ஆசிரியரைக் கேளுங்கள்.