மொட்டை மாடிக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். அது யாருக்குச் சொந்தம்?

கேள்வி: சென்னைப் புறநகரில் 12 வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். 2019இல் கட்டி முடித்தார்கள். மேல்தளத்தில் இருப்பவர், மொட்டை மாடி தமக்கே உரியது என்று கதவைப் பூட்டிவிட்டார். கட்டுநருடன் போட்ட ஒப்பந்தத்தில் அப்படி ஒரு ஷரத்து இருக்கிறதாம். இப்போது அங்கே ஓர் அறை கட்டச் செங்கல் இறக்கியிருக்கிறார். என்ன செய்வது?

பதில்: அந்த ஷரத்தைக் கண்டு மலைக்காதீர்கள். தமக்குச் சொந்தமில்லாத ஒன்றைக் கட்டுநர் யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், நாம் ரெரா என்று சொல்வது, பொதுப்பகுதிகள் எவை என்று வரையறுக்கும் இடத்திலேயே படிக்கட்டு, லிஃப்ட் ஆகியவற்றோடு மொட்டை மாடியையும் சேர்த்திருக்கிறது. எட்டு வீடுகளுக்கு மேல் இருப்பதால் உங்கள் கட்டடம் அந்தச் சட்டத்துக்குள் வரும். 2017 மே மாதத்துக்கு முன்பே பணிநிறைவுச் சான்று வாங்கியிருந்தால்தான் விலக்கு. உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

ஒரு வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள். ஒரு வீட்டின் உள்ளிருந்து மட்டுமே போகக்கூடிய, அந்த வீட்டோடு ஒட்டிய திறந்தவெளித் தளத்தை அந்த வீட்டுக்காரருக்கென்றே விற்கலாம். சட்டம் அதை ஏற்கிறது. பொதுப் படிக்கட்டு ஏறிப் போகும் மாடி அப்படியல்ல. அனுமதி பெற்ற வரைபடத்தைப் பார்த்தால் இது ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். கூடவே, மேல்தளத்துக்காரருடைய கிரயப் பத்திரத்தின் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்குங்கள். அதில் பிரிக்கப்படாத நிலப்பங்கு, அதாவது கட்டடம் நிற்கும் நிலத்தில் அவருக்குள்ள பங்கு, எவ்வளவு என்று பாருங்கள். அதே அளவு வீடு வைத்திருக்கும் மற்றவர்களுக்கு உள்ள பங்குதான் அவருக்கும் என்றால், மாடிக்கென்று அவர் நிலத்தில் கூடுதலாக எதையும் வாங்கவில்லை. இது உங்கள் தரப்புக்கு நல்ல வலு.

அறை கட்டும் விஷயம்தான் அவசரம். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரைப் பத்து அடிக்கு எழுப்பினால், ஒரு மீட்டர் நீளத்துக்கே ஒரு டன்னுக்கு மேல் எடை வரும். அது இறங்குவது தரைத்தளம் வரை எல்லோருடைய தூண்களிலும். அந்தத் தூணும் உத்திரமும் எந்தத் தனி வீட்டுக்கும் சொந்தமல்ல. அனுமதி வரைபடத்தில் இல்லாத அறை என்றால், உள்ளாட்சி அமைப்பிடமும் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திடமும் (சி.எம்.டி.ஏ.) இன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகளின்படி வேலையை நிறுத்தவும் கட்டியதை அகற்றச் சொல்லவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. சுவர் எழும்பி மின் இணைப்பும் வந்துவிட்டால் போராட்டம் ஆண்டுக்கணக்கில் இழுக்கும்.

பூட்டை நீங்களாக உடைக்காதீர்கள். வழக்கு உங்கள் மேல் திரும்பிவிடும். தண்ணீர்த் தொட்டியும் லிஃப்ட் அறையும் மேலேதான் இருக்கும். தீ விபத்தில் ஓடி ஏறவும் அந்தக் கதவுதான் வழி. இதையெல்லாம் சொல்லி, வீட்டு உரிமையாளர் சங்கத்தின் பெயரில் அவருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். சங்கம் இன்னும் பதிவாகவில்லை என்றால் முதலில் அதை முடியுங்கள். பொதுப்பகுதிகளின் உரிமையைச் சங்கத்துக்கு எழுதிக் கொடுப்பது ரெராவின் 17ஆம் பிரிவின்படி கட்டுநரின் கடமை. அவர் இதுவரை செய்யவில்லை என்றால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் அவர்மீது புகார் கொடுக்கலாம். பூட்டியவர் இறங்கி வரவில்லையென்றால், கதவைத் திறக்கவும் கட்டுமானத்தை நிறுத்தவும் உரிமையியல் நீதிமன்றத்தில் இடைக்கால உத்தரவு கேட்பது பற்றி வழக்கறிஞரிடம் பேசுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாடி பன்னிரண்டு வீட்டுக்கும் பொது என்று நிலைநாட்டிவிட்டால், மழைக்கசிவை அடைக்கும் செலவும் பன்னிரண்டு வீட்டுக்கும் பொதுவாகிவிடும். பல குடியிருப்புகளில் ‘எங்கள் வீட்டில் ஒழுகவில்லையே’ என்று கீழ்த்தளத்தார் பணம் தர மறுக்கிறார்கள். ஒழுகும் கூரையின் கீழ் தனியாக அவதிப்படுபவர்தான் மாடியை வளைத்துப்போடத் துணிகிறார். உங்கள் மேல்தளத்துக்காரர் தம் செலவில் கசிவை அடைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். அடைத்திருந்தால், ரசீதைப் பார்த்து, மற்ற பதினொரு பேரின் பங்கைக் கடிதம் அனுப்பும்போதே கொடுத்துவிடுங்கள்.